மூங்கிலில் ஏறுகிறவர்களுக்கும் ஒரு ஓட்டு

சேகர்,

நேற்று நீ போனை வைத்தபோது நான் இன்னும் பேசி முடிக்கவில்லை. "சங்க விஷயம்மா இது, நான் பாத்துக்கிறேன், விடுங்க" என்றாய், அவ்வளவுதான், லைன் போய்விட்டது. ஆபீசில் யாரோ வந்திருப்பார்கள், அதனால்தான் வைத்துவிட்டாய் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அது உனக்கும் தெரியும். சனிக்கிழமை நீ கெப்பாலா பத்தாஸிலிருந்து பாலம் தாண்டித் தீவுக்கு வந்து சேர்ந்ததும் பிள்ளைகள் மேலே விழுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வருவார், உன் இடுப்பில் இருக்கிற பேஜர் வேறு கத்தும். மறுநாள் காலையில் கூட்டம். இதற்கு நடுவில் உன்னைப் பிடித்து உட்காரவைக்க என்னால் ஆகாது. அதனால் எழுதுகிறேன். துணிக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பில் எழுதியே தேய்ந்த கை இது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. இன்னொன்று, சங்க விஷயம் என்றாயே, நானும் அந்தச் சங்கத்தில் சந்தா கட்டுகிற உறுப்பினர்தான். தலைவரான பிறகு உனக்கு அது மறந்துபோயிற்று போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வரப்போகும் தீர்மானம் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். நம் தண்ணீர்ப் பந்தல் சங்கத்தில் ஓட்டுப் போடும் வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்க வேண்டும் என்று உன் சின்ன வயதுக் கூட்டாளி மணியம் எழுதிக் கொடுத்திருக்கிறான். எழுதியது அவன் மகள் கவிதா. அவளுக்குப் பதினெட்டுதான் ஆகிறது, அவளால் தன் பெயரில் தீர்மானம் கொண்டுவர முடியாது, அதனால் அப்பா பெயரைப் போட்டிருக்கிறாள். நீ அதைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்பதும் தெரியும். நீ யாருக்கெல்லாம் போன் போட்டாயோ அவர்களின் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பசாரில் என்னோடுதான் மீன் வாங்குகிறார்கள்.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். போன தைப்பூசத்தில் கவிதாவும் அவள் செட்டுப் பிள்ளைகளும் ஆள் உயர ஸ்பீக்கரை லோரியில் கொண்டுவந்து இறக்கிப் போட்ட பாட்டில் எனக்கே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காவடி எடுத்து வந்தவர் மோர் கேட்கிறார், ஊற்றுகிறவளுக்குக் காது கேட்கவில்லை. நீ போய் ப்ளக்கைப் பிடுங்கினாய். பிள்ளைகள் முறைத்துக்கொண்டு அப்படியே கிளம்பிப் போய்விட்டார்கள். மறுநாள் பந்தலைப் பிரிக்க ஆள் இல்லாமல் நீயும் நாலு கிழவர்களும் வெயிலில் மூங்கில் சுமந்தீர்கள். "இதுங்க கையில ஓட்டைக் குடுத்தா பந்தல் டிஸ்கோ ஆயிரும்மா" என்று நீ அன்று சொன்னாய். உன் தோள்பட்டை சிவந்து வீங்கியிருந்தது, தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். பாவமாக இருந்தது. ஆனால் அப்போதே எனக்கு உன் அப்பா குரல் கேட்டது சேகர். அச்சாக அதே வார்த்தை. டிஸ்கோ என்பதற்குப் பதிலாக அவர் 'சினிமாக் கொட்டாய்' என்றார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலம் வருவதற்கு முந்தைய காலம் அது. உன் அப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டு நேரே சங்கத்துக்குத்தான் போவார். அவர்தான் தலைவர். சுங்கை பினாங் ஆட்களுக்கு அப்போது சொத்து என்று எதுவும் கிடையாது, தண்ணீர்மலை ரோட்டில் வருஷத்துக்கு ஒரு முறை போடுகிற அந்தப் பந்தல்தான் பெருமை. நமக்கு அடுத்த பந்தல்காரர்கள் ஒரு வருஷம் மூங்கிலில் இரண்டு அடுக்கு வளைவு கட்டி, மேலே மயில் வைத்து, சீரியல் லைட் போட்டுவிட்டார்கள். தேர் பார்க்க வந்த கூட்டமெல்லாம் அங்கே போய் நின்றது. நம்முடைய மோர் அப்படியே இருந்தது. அந்த அவமானம் உன் அப்பாவுக்கு ஒரு வருஷம் முழுக்கத் தீரவில்லை. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், "இந்தத் தடவ மூணு அடுக்கு. அவனுங்க நம்மள அண்ணாந்து பாக்கணும்" என்றார். கைகள் எல்லாம் சரசரவென்று மேலே போயின. கை தூக்கியவர்களில் ஒருவருக்கும் நாற்பதுக்குக் குறைவான வயதில்லை, பாதிப் பேருக்கு முட்டிவலி. மூங்கிலில் ஏறிக் கட்டப்போவது யார்? நீ, மணியம், உங்கள் செட்டு. உங்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது. நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே பாயில் உட்கார ஓட்டு உள்ளவர்களுக்குத்தான் இடம். அதுதான் வழக்கம்.

மழை பெய்து விட்டிருந்த ஒரு சாயங்காலம் மணியம் மூன்றாவது அடுக்கிலிருந்து விழுந்தான். விழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவன் அம்மா என் பக்கத்தில்தான் இருந்தாள். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது என்றார்கள். போலீஸ் பயிற்சிக்குத் தேர்வாகி, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்த பிள்ளை அவன். ஓட்டப் பந்தயத்தில் பள்ளிக்கூடத்துக்கே கோப்பை வாங்கிக் கொடுத்தவன், அதற்குப் பிறகு ஓடவே இல்லை. பெரியவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பழம் வாங்கிப் போனார்கள், அழுதார்கள். உன் அப்பா அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தார். ஆனால் யாரைக் கேட்டாலும், "நம்ம கையில என்ன இருக்கு, எல்லாம் அவன் செயல்" என்றுதான் சொன்னார்கள். நீ ஒருத்தன்தான், "மூணு அடுக்குன்னு கை தூக்கினது முருகன் இல்லப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனாய்.

அதே வருஷம் பொதுத்தேர்தல் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? உனக்குக் காடி ஓட்ட லைசென்ஸ் இருந்ததால் உன் மாமாவின் பழைய காடியைக் கொடுத்து, நடக்க முடியாதவர்களை எல்லாம் ஓட்டுப் போட ஏற்றிப் போகச் சொன்னார்கள். விடிந்ததிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கும் நம் கம்பத்து வீடுகளுக்கும் போய்ப் போய் வந்தாய். கண் தெரியாத பாட்டிகளைக் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டாய். அந்த வாசலைத் தாண்ட உனக்கு வயது இல்லை. வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து, "ஃபேக்டரியில நைட் ஷிப்ட் பாக்க வயசு இருக்கு, வீட்டுக்குச் சம்பளம் குடுக்க வயசு இருக்கு. இன்னும் மூணு வருஷத்துல நான் புதுசா என்னம்மா கத்துக்கப் போறேன்?" என்று கேட்டாய்.  சோறு போடட்டுமா என்று கேட்டேன். எனக்குப் பதில் தெரியாத நேரத்தில் எல்லாம் நான் சோறுதான் போட்டிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம்தான் நீ உன் தீர்மானத்தைக் கொண்டுவந்தாய். பதினெட்டு வயதானவர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு. உன் பெயரில் கொண்டுவர முடியாமல் உன் மாமா பெயரில்தான் அதுவும் வந்தது. கூட்டத்தன்று உள்ளே பேச உனக்கு அனுமதி கொடுத்ததே பெரிய விஷயம். வாசற்படியில் நின்றபடியே பேசினாய். "மேல ஏறுறவன்கிட்ட எவ்ளோ உசரம்னு கேக்கணும்லா. எங்ககிட்ட கேட்டிருந்தா ரெண்டு அடுக்கு போதும்னு சொல்லியிருப்போம்" என்றாய். ஒரு பெரியவர், "நாட்டுலயே இருபத்தொண்ணுதான் தம்பி. நாடு என்ன முட்டாளா?" என்று கேட்டார். "நாடு தப்பு பண்ணா நாமளும் பண்ணணுமா அண்ணே?" என்றாய். சிரித்தார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு உன் மேல் கோபம், மணியத்தின் மேல் பாசம், தன் மேல் என்னவென்றே தெரியாத ஒன்று, எல்லாம் சேர்ந்து முகம் கறுத்திருந்தது. கடைசியில், "இன்னும் மூணு வருஷம் பொறுடா. ஓட்டு எங்கயும் ஓடிப்போயிராது" என்று சொல்லிவிட்டு ஓட்டெடுப்பு நடத்தினார். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் உள்ளே உன் மாமா கை மட்டும் எழுந்தது. வாசலில் நின்ற உங்கள் செட்டு அத்தனையும் கை தூக்கியது. உன் அப்பா உள்ளே இருந்ததை மட்டும் எண்ணினார். ஓட்டு வேண்டும் என்று கேட்பதற்கே ஓட்டு வேண்டியிருந்தது.

அடுத்த தைப்பூசத்தில் நடந்ததை நீ உன் பிள்ளைகளுக்குச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறாய், நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சிரிப்பு இல்லை. பந்தல் போடுகிற அன்று உன் அப்பா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மூங்கிலில் ஏறினார். "ஓட்டுப் போட்டவன்தான ஏறணும்" என்றார். இரண்டாவது அடுக்கு வரை போனார். அங்கே போய்க் கீழே பார்த்துவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, இறங்கவும் தெரியவில்லை. மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். நீயும் உன் கூட்டாளிகளும் ஏறி, அவர் காலை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்து வைத்து இறக்கினீர்கள். தரையில் உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். ஊரே தண்ணீர் குடிக்க வருகிற பந்தலில் முதல் டம்ளர் தலைவருக்கு. அன்றைக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: "ஒரு அடுக்கு போதும்." நம் பந்தல் வளைவு இன்று வரை ஒரே அடுக்காக இருப்பது அதனால்தான். ஆனால் சட்டத்தை மட்டும் அவர் மாற்றவில்லை. உயரத்தைக் குறைக்க அவருக்கு மனம் வந்தது, உங்களைக் கூப்பிட்டுக் கேட்க வரவில்லை. நல்ல மனுஷர்தான், உனக்குத் தெரியும். நல்ல மனுஷர்களுக்கும் அது சுலபத்தில் வருவதில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். உனக்கு இருபத்தொன்று ஆனது. முதல் கூட்டத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனாய், பாயில் உட்கார்ந்தாய், கை தூக்கினாய், வீட்டுக்கு வந்து முகம் எல்லாம் சிரிப்பாக அதைச் சொன்னாய். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தீர்மானத்தைப் பற்றி நீ அதற்குப் பிறகு பேசவே இல்லை. வாசலில் அப்போது வேறு பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். நீ உள்ளே போய்விட்டாய், அவர்கள் வெளியே. இதை நான் பல வருஷம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஏழையாக இருப்பவன் ஏழையாகவே இருந்தால் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருப்பான். இந்த ஒரு குறை மட்டும் மூன்று வருஷம் சும்மா இருந்தால் தானாகத் தீர்ந்துபோகிறது. அதனால்தான் யாரும் அதைத் தீர்த்துவைப்பதில்லை. வலித்தவனுக்கு வலி போய்விடுகிறது, அடுத்தவனுக்கு ஆரம்பிக்கிறது. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை ஐயா. நீ கெட்டவனாகிவிட்டாய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. உனக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

போன வாரம் கவிதா வீட்டுக்கு வந்தாள். பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து, ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து நேரே இறங்கி வந்தாள், யூனிபாரம் கூட மாற்றவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன். "சேகர் அங்கிள் என்னப் பாத்து, நீ சின்னப் பொண்ணு, மூணு வருஷம் பொறுன்னு சொல்லிட்டாரு பாட்டி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷம் என்ற கணக்கு உனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரியாமல் இருக்கலாம். நான் அந்த ஸ்பீக்கர் விஷயத்தைக் கேட்டேன், சும்மா விடவில்லை. "நீங்க பண்ணது நல்லாவா இருந்துச்சு? சாமி வர்ற ரோடுலா அது" என்றேன். அவள் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம், "நல்லா இல்லதான் பாட்டி. ஆனா வேணாம்னு எங்களக் கூப்ட்டு வச்சு யாரும் பேசல. ப்ளக்கத்தான் புடுங்குனாங்க" என்றாள். கூப்பிட்டுப் பேசியிருந்தால் மட்டும் கேட்டிருப்பீர்களா என்றேன். சிரித்துவிட்டாள். "சண்டை போட்டிருப்போம். ஓட்டுல தோத்துருப்போம், நாங்க கொஞ்ச பேருதான. ஆனா தோத்தாலும் நம்ம சங்கம்னு மறுநா வந்து மூங்கில் தூக்கியிருப்போம்ல."

அந்தப் பெண் போன பிறகும் நான் அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தேன். நீ பயப்படுவது என்ன? அவர்கள் உள்ளே வந்தால் பந்தலைக் கெடுத்துவிடுவார்கள் என்று. வெளியே நின்றபோது கெடுக்கவில்லையா? வெளியே நின்றதால்தான் போட்டது போட்டபடி விட்டுப் போக முடிந்தது. உள்ளே வந்து, நாலு பெரியவர்கள் முகத்தைப் பார்த்து, ஏன் வேண்டாம் என்று காது கொடுத்துக் கேட்டு, கை தூக்கித் தோற்றுப் போனவர்கள் அவ்வளவு சுலபத்தில் போக மாட்டார்கள். நீயே அப்படித்தான் தங்கினாய். இன்னொன்றும் சொல்கிறேன். அவர்கள் ஒன்றிரண்டு தடவை தப்பாகவும் கை தூக்குவார்கள். தூக்கட்டும். மூணு அடுக்கு என்று கை தூக்கிய நாற்பது வயதுக்காரர்களை விடவா தப்பாகத் தூக்கிவிடப்போகிறார்கள்?

மணியம் இதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டான், அவன் சுபாவம் உனக்குத் தெரியும். மகள் எழுதியதில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டான், அவ்வளவுதான். நீ எதிர்த்தாலும் கூட்டம் முடிந்ததும் உன்னோடு சேர்ந்து காப்பி குடிப்பான். அதுதான் எனக்கு வேதனை. அவன் கோபப்பட்டால் கூட எனக்கு மனசு ஆறும். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மறக்காமல் ஒரு நாற்காலி போட்டு வை, பாயில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கஷ்டப்படுகிறான்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ பதினெட்டு வயதுக்காரர்களுக்கு ஓட்டுக் கேட்ட அன்று, திரைக்குப் பின்னால் சமையல்கட்டில் நாங்கள் இருந்தோம். அப்போது சங்கத்தில் பெண்களுக்கு ஓட்டு என்ன, பெயர் கூடக் கிடையாது. பின்னாளில் சங்கத்துக்கு இடம் வாங்கப் போனபோது ஆள் அதிகம் காட்ட வேண்டியிருந்ததால்தான் எங்களையும் உறுப்பினராக்கினார்கள், அது வேறு கதை. உன் பேச்சில் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உன்னைப் போல் இரண்டு மடங்கு வயது, பதினெட்டுக்கு ஓட்டுக் கேட்கிற பிள்ளைக்கு அம்மாவின் ஞாபகம் வரவில்லையே என்று சிரிப்பாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. ஆனால் உன் அப்பா, ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றாரே, அப்போது என் கையும் மேலே போனது. மஞ்சள் படிந்த கை, கரண்டியோடு. மணியத்தின் அம்மா பார்த்துவிட்டு, "யாருக்குடி தூக்குற, யாரு பாக்கப் போறா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் தூக்கினாள். அவள் பிள்ளை அப்போது இன்னொரு ஆபரேஷனுக்காக மறுபடியும் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

அவள் இன்று இல்லை. உன் அப்பாவும் இல்லை. சனிக்கிழமை உனக்குப் பிடித்த கணவாய்ச் சம்பல் வைக்கிறேன், நீ எந்தப் பக்கம் நின்றாலும் அதில் மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அன்று உனக்காகத் தூக்கிய கையை அந்தப் பெண்ணுக்காகத் தூக்குவேன். அன்று அதை யாரும் எண்ணவில்லை. இந்தத் தடவை எண்ண வேண்டியவன் நீ.

அம்மா